இரண்டாம் ஆண்டுக்குப் பின் யார் பேசுகிறார்?

எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவரிடம் இரண்டு குரல்கள் வந்து சேர்கின்றன. ஒன்று அறுவை நிபுணர், உணவியல் ஆலோசகர், செவிலியர் ஆகியோருடையது. மற்றொன்று அதே அறுவைக்கு முன்பே உட்பட்டு மீண்டவருடையது. முதல் குரலைச் சோதிக்க மருத்துவ இதழ்கள் இருக்கின்றன. இரண்டாவதை மதிப்பிட எவரும் மெனக்கெடுவதில்லை. விரும்புவோர் அதை அன்பு என்று போற்றிவிட்டு நகர்கிறார்கள். விரும்பாதோர் அரட்டை என்று ஒதுக்கிவிட்டு நகர்கிறார்கள். இரண்டுமே எளிதில் எட்டிய முடிவுகள். சக நோயாளியின் அறிவுரைக்கு ஒரு முறை இருக்கிறது, ஒரு மரபு இருக்கிறது, மறுக்க முடியாத சாதனை இருக்கிறது. உள்ளிருந்தே அரிக்கும் ஒரு குறையும் இருக்கிறது. அந்தக் குறையைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டாமல் செய்யப்படும் புகழ்ச்சி யாருக்கும் உதவாது.

அளவுகோலை முதலிலேயே வைத்துவிடுகிறேன். மனம்விட்டுப் பேசிவிட்டால் மட்டும் அறிவுரை நேர்மையானதாகிவிடாது. சொல்பவர் செய்துகொண்டது இரைப்பையை வெட்டிக் குறுக்கும் ஸ்லீவா, இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸா. செய்து எத்தனை ஆண்டாயிற்று. சொல்வது தன் உடலில் கண்டதா, பிறரிடம் கேட்டதா. அவருடைய அறிவு எந்த இடத்தில் முடிகிறது: இந்த நான்கும் தெரிந்தால்தான் கேட்பவர் தன் முடிவைத் தானே எடுக்க முடியும். இவை மறைந்திருக்கும்போது உருக்கமான பேச்சும் சான்றாகாது.

முதலில் நிறை. அன்றாட நுட்பத்தில் சக நோயாளிக்கு ஈடு இல்லை. மருத்துவமனைத் துண்டறிக்கை "மெதுவாக மென்று சாப்பிடவும்" என்று எழுதுகிறது. முன்பே அறுவை செய்துகொண்டவர் சொல்வது வேறு: "மூக்கு ஒழுக ஆரம்பித்தாலோ, விக்கலோ தும்மலோ வந்தாலோ கரண்டியைக் கீழே வை. அதற்குமேல் ஒரு வாய் போட்டாலும் நெஞ்சில் அடைக்கும்." பைபாஸில் மிஞ்சும் பை சுமார் 30 மில்லி லிட்டர்தான் கொள்ளும், ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டுவிடுகிறது. பழைய உடல் கற்றுக்கொடுத்த வயிறு நிறைந்த உணர்வு இந்தப் புதிய உறுப்பில் வேலை செய்வதில்லை. புதிய அடையாளங்களை அதில் வாழ்ந்து பார்த்தவர்தான் தொகுத்துத் தர முடியும். அப்படித் தொகுத்தும் இருக்கிறார்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் பொறுப்பது எப்படி, இனிப்பு சாப்பிட்ட சில நிமிடங்களில் நெஞ்சு படபடத்து வியர்த்து வயிற்றைக் கலக்கும் டம்பிங் வந்தால் எங்கே போய்ப் படுப்பது, அலுவலக விருந்தில் தட்டை எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பது என்பதெல்லாம் அனுபவம் ஈன்ற அறிவு. துல்லியமானது, சோதிக்கக்கூடியது, பெரும்பாலும் சரியானது. அறிவுரையின் இந்தப் பகுதிக்கு நான் தயங்காமல் முழு மதிப்பு தருவேன்.

இதே நுட்பம் உடலின் எச்சரிக்கைகளை விளக்கத் தொடங்கும்போது தடுமாறுகிறது. சக நோயாளியின் உரையாடலில் அதிகம் புழங்கும் வாக்கியம் "எனக்கும் அப்படித்தான் இருந்தது, சரியாகிவிடும்" என்பது. ஆறுதலின் முழு ஆற்றலும் அதற்குள் இருக்கிறது. மூன்றாவது மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும்போது அந்த வாக்கியம் பெரும்பாலும் உண்மை. வேகமாக எடை இறங்கும் உடலில் முடி ஒரே சமயத்தில் ஓய்வுநிலைக்குப் போய் உதிர்கிறது. சில மாதங்களில் மறுபடி முளைக்கிறது. இதை மருத்துவர் சொன்னால் தகவல். தன் தலையைக் காட்டி இன்னொரு பெண் சொன்னால் அன்றிரவு தூக்கம் வருகிறது. ஆனால் உதிர்வு ஓராண்டு தாண்டியும் நிற்கவில்லை என்றால் இரும்பு, துத்தநாகம், புரதம் ஆகியவற்றின் குறையைத் தேட வேண்டும். அப்போது அதே வாக்கியம் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வைக்கிறது.

வாந்தியில் இது இன்னும் கடுமையாகிறது. முதல் மாதங்களில் எப்போதாவது வாந்தி வருவது பலருக்கும் நேர்வது. நாள்தோறும் நிற்காமல் வருவது வேறு நோய். உடலில் தயமின் எனும் வைட்டமின் பி1 இருப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தீர்ந்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். வெர்னிக்கே என்று பெயர்பெற்ற அந்த மூளைப் பாதிப்பு, காலம் தாழ்த்தினால் நிரந்தரமாகத் தங்கிவிடும். பைபாஸ் செய்து ஆண்டுகள் கழித்து, எடை நன்கு இறங்கிய பிறகு, சாப்பிட்டதும் வயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலி வந்தால் குடல் உள்ளேயே ஓர் இடைவெளியில் நுழைந்து சிக்கிக்கொண்டிருக்கலாம். அதற்குத் தேவை அவசர அறுவை. இந்த இடங்களில் "எனக்கும் அப்படித்தான்" என்பது ஆபத்தான ஆறுதல். நல்ல சக நோயாளியைச் சாதாரணமானவரிடமிருந்து பிரித்தறிய நான் பயன்படுத்தும் சோதனை இதுதான்: எந்தத் துன்பத்துக்கு அந்த வாக்கியத்தைச் சொல்வது, எந்தத் துன்பத்துக்கு அதை அடக்கிக்கொண்டு "உடனே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்வது என்ற பகுத்தறிவு அவரிடம் இருக்கிறதா? பரிவில் குறைந்தவர்கள் மிகச் சிலர். இந்தப் பகுத்தறிவு உள்ளவர்களும் சிலரே.

அடுத்த குறை கலப்படம். ஸ்லீவ் செய்தவரும் பைபாஸ் செய்தவரும் ஒரே ஆதரவுக் குழுவின் வட்டத்தில் அமர்ந்து பேசும்போது, ஒருவர் உடலின் விதி மற்றவர் உடலுக்கும் விதியாகிவிடுகிறது. நெஞ்செரிச்சல் பைபாஸுக்குப் பிறகு பெரும்பாலும் தணிகிறது. ஸ்லீவுக்குப் பிறகு கூடவும் புதிதாகத் தோன்றவும் செய்கிறது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பைபாஸ் செய்தவருக்கு இணைப்பு இடத்தில் புண் உண்டாக்கும் என்பதால் கடுமையாகத் தடுக்கப்படுகின்றன. "நான் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஸ்லீவ் செய்தவர் உண்மையாகவே சொல்லலாம். அந்த உண்மை பைபாஸ் செய்தவரின் காதுக்குள் போனதும் தவறாகிவிடுகிறது.

பொய்யான உடலியலும் இங்கே தழைக்கிறது. எடை ஏறத் தொடங்கியவர்களுக்கு "பவுச் ரீசெட்" என்ற பெயரில் ஒரு பரிந்துரை நெடுநாளாகச் சுற்றி வருகிறது: சில நாட்கள் திரவ உணவுக்குத் திரும்பினால் விரிந்த பை மீண்டும் சுருங்கிவிடுமாம். சில நாள் கஞ்சியால் இரைப்பையின் அளவு மாறும் என்பதற்கு உடலியலில் இடமே இல்லை. ஆனாலும் இதை முழுதாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது. அந்தச் சில நாட்களில் நொறுக்குத்தீனி நிற்கிறது. புரதத்தை முதலில் சாப்பிடும் ஒழுங்கு திரும்புகிறது. தோற்றுவிட்டேன் என்று ஒதுங்கியவர் மறுபடி எதையோ செய்யத் தொடங்குகிறார். நடைமுறை பயன் தருகிறது, விளக்கம் பொய்யாக இருக்கிறது. பொய்யான விளக்கத்துக்கு விலை உண்டு: எடை திரும்பாதபோது அவர் தன் பை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறார். உண்மையில் பசியைத் தூண்டும் சுரப்புகளும் உடலின் ஆற்றல் செலவும் எடையைப் பழைய இடத்துக்கு இழுக்கும் என்பது அவருக்குத் தெரிவதே இல்லை.

இதுவரை சொன்னவை திருத்தக்கூடிய குறைகள். ஒரு கையேடும் ஒரு தெளிவான நடத்துநரும் இருந்தால் பாதி சரியாகிவிடும். அமைப்பிலேயே உள்ள குறை வேறு. அது காலம் பற்றியது.

ஸ்வீடனில் 1987ல் தொடங்கிய நீண்ட ஆய்வு இத்துறையின் அடித்தளம். 2010 பேர் அறுவை செய்துகொண்டார்கள். அறுவை இல்லாத சிகிச்சை பெற்ற 2037 பேரோடு அவர்கள் ஒப்பிடப்பட்டார்கள். 2007ல் வெளியான அதன் முடிவு, அறுவை செய்துகொண்டவர்களிடம் இறப்பு குறைந்ததை உறுதிசெய்தது. இதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. எடை இழப்பு உச்சத்தைத் தொட்டது முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். பைபாஸ் செய்தவர்கள் அப்போது சராசரியாக 32 சதவீதம் இழந்திருந்தார்கள். 10 ஆண்டு முடிவில் அது 25 சதவீதமாக நின்றது. அக்காலத்தில் அதிகம் செய்யப்பட்ட மற்ற இரு அறுவைகளில், பட்டையிட்ட இரைப்பைச் சீரமைப்பு 25லிருந்து 16க்கும், வளையம் பொருத்தும் முறை 20லிருந்து 14க்கும் இறங்கின. 25 சதவீதம் பெரிய சாதனை. ஆனால் உச்சத்திலிருந்து அந்த நிலைக்கு வந்து சேரும் எட்டு ஆண்டுகள் ஒருவர் வாழ்க்கையில் வெற்றி போலத் தெரிவதில்லை. கால்சட்டை மறுபடி இறுகுவதைத்தான் அவர் பார்க்கிறார்.

மற்ற ஆபத்துகளும் அதே இடத்தில்தான் கூடுகின்றன. அமெரிக்காவின் 10 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1945 பேரிடம் நடந்து 2012ல் வெளியான ஆய்வில், மது சார்ந்த சிக்கல் அறுவைக்கு முன் 7.6 சதவீதத்தினரிடம் இருந்தது. முதல் ஆண்டில் 7.3. இரண்டாம் ஆண்டில் 9.6. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அறுவை செய்துகொண்டவர்களை மூன்று ஆண்டு முன்னும் பின்னும் தொடர்ந்த ஆய்வில், தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தோர் அறுவைக்குப் பின் கூடியிருந்தார்கள். பெரும்பாலான நிகழ்வுகள் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நடந்தவை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்த ஆய்வோ, நோய்களால் வரும் இறப்பு பெரிதும் குறைந்ததையும், விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் வரும் இறப்பு 58 சதவீதம் கூடியிருந்ததையும் ஒரே கட்டுரையில் பதிவுசெய்தது.

இப்போது சக நோயாளிகள் கூடும் அறைக்குள் பாருங்கள். அங்கே பேசுவோர் யார்? மூன்றாம் மாதத்தவர், ஆறாம் மாதத்தவர், ஓராண்டு நிறைந்தவர். அவர்கள் வாரந்தோறும் இறங்குகிறார்கள், வாரந்தோறும் பேசுகிறார்கள். "ஹனிமூன்" என்று அவர்களே அந்தக் காலத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு கடந்ததும் வருகை தேய்கிறது. நன்றாக இருப்பவருக்கு வேலை, குழந்தை, வாழ்க்கை. எடை திரும்பியவருக்கு வெட்கம். எந்தக் காலத்தில் ஆபத்து கூடுகிறதோ அந்தக் காலத்திலிருந்து பேசுவோர் அறையில் இல்லை. அறையில் இருப்பவர்களிடமிருந்து புதியவர் கற்றுக்கொள்வது வெற்றியாளர்களின் முதல் பாதிக் கதையை. இதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தன்னளவில் உண்மையே பேசுகிறார். ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருந்தும் தொகுப்பு தவறாக அமையக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

மது பற்றிய விளக்கம் இந்தக் காலக்குறையின் விளைவு. "சாப்பாட்டு அடிமைத்தனம் பாட்டிலுக்கு மாறிவிட்டது" என்பது குழுக்களில் வேரூன்றிய கோட்பாடு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில், வளையம் பொருத்திக்கொண்டவரைவிடப் பைபாஸ் செய்தவருக்குச் சிக்கல் வரும் வாய்ப்பு இருமடங்காக இருந்தது. மனம் மட்டுமே காரணம் என்றால் இரு சாராரிடமும் அது ஒன்றாக இருந்திருக்க வேண்டும். பைபாஸில் மது குடலுக்கு நேராகப் போய் ரத்தத்தில் விரைவாகவும் உயரமாகவும் ஏறுகிறது. உடலின் மாற்றத்தை மனத்தின் பலவீனமாக வாசித்த குழு, தன் உறுப்பினருக்கு எச்சரிக்கைக்குப் பதிலாகக் குற்றவுணர்வைக் கொடுத்தது.

இந்தக் காலக்குறை எங்கிருந்து வந்தது? என் கணிப்பில் மரபிலிருந்து. எடைக்கான சகாதரவுக்கு, அதாவது சக நோயாளிகள் ஒருவருக்கொருவர் தரும் ஆதரவுக்கு, அமெரிக்காவில் நீண்ட வரலாறு உண்டு. 1935ல் ஓஹியோவில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. 1960ல் அதன் முறையைத் தழுவி ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ் வந்தது. 1963ல் நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் வெயிட் வாட்சர்ஸைத் தொடங்கினார். இரு மரபுகளும் பட்டவரே பட்டவருக்கு வழிகாட்ட வேண்டும் என்றன. ஆனால் தோல்வியை அவை நடத்திய விதம் முற்றிலும் வேறு. முதல் மரபில் மறுபடி விழுந்தவர் திரும்பிவந்து எழுந்து நின்று அதைச் சொல்வதே கூட்டத்தின் மையம். மூத்தவர் என்பவர் பலமுறை விழுந்ததைச் சொல்லத் தெரிந்தவர். இரண்டாவது மரபில் கூட்டத்தின் மையம் எடைமேடை. வகுப்பு நடத்துபவர் இலக்கு எடையில் நிற்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தில் நெடுநாள் விதியாக இருந்தது. இந்த விதிக்கு ஒரு நியாயம் உண்டு: கடைப்பிடிக்காதவர் போதிக்கக் கூடாது. இதன் தவிர்க்க முடியாத விளைவு, எடை திரும்பியவர் பேசும் உரிமையை இழக்கிறார். அறுவைக்குப் பின்னான குழுக்கள் முதல் மரபின் சொற்களை எடுத்துக்கொண்டு இரண்டாவதன் வழக்கத்தைக் கைக்கொண்டன. முன்-பின் புகைப்படம், இறங்கிய எண்ணைச் சொன்னதும் கைதட்டல், அறுவை நாளை இரண்டாம் பிறந்தநாளாகக் கொண்டாடுவது எல்லாம் எடைமேடையின் வழிவந்தவை. கைதட்டல் கிடைக்கும் அறையில் ஏறிய எண்ணைச் சொல்ல யாருக்கும் நாவெழாது.

மருத்துவமனைகள் நடத்தும் குழுக்களைத் தனியாக மதிப்பிட வேண்டும். அமெரிக்காவில் தர அங்கீகாரம் பெற விரும்பும் மையங்கள் ஆதரவுக் குழு நடத்தியாக வேண்டும், நல்ல நிபந்தனை. தவறான மருத்துவத் தகவலைத் திருத்த ஓர் உணவியல் ஆலோசகர் அருகில் இருப்பார் என்பதும் பெரிய நன்மை. ஆனால் பல இடங்களில் அறுவைக்கு முன்பானவர்களும் அதே கூட்டத்தில் அமர்த்தப்படுகிறார்கள். முடிவெடுக்கப்போகிறவர் முன்னால், நடத்தும் மையத்தின் அறையில், தனக்குத் தையல் இடத்தில் வந்த கசிவையோ மறு அறுவையையோ ஒருவர் எவ்வளவு திறந்து சொல்வார்? யாரும் வாயை மூடவில்லை. இருக்கையின் அமைப்பே மூடிவிடுகிறது.

இந்தப் பின்னணியில், தம் பெயரோடு வெளியே பேசிய சிலரின் சாட்சியத்தை வைத்துப் பார்ப்பது பயன் தரும். பாடகி கார்னி வில்சன் 1999ல் தன் பைபாஸ் அறுவையை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பச் சம்மதித்தார். பின்னர் இரண்டு புத்தகங்கள் எழுதினார். அந்தக் கட்டத்தில் அவர் சாட்சியத்தின் மதிப்பு துணிவில் இருந்தது. ஆழத்தில் இருந்ததாகச் சொல்ல முடியாது. எடை திரும்பி, 2012ல் வளையம் பொருத்தும் இரண்டாவது அறுவைக்குப் போனதையும் அவர் மறைக்கவில்லை. முதல் அறுவையைப் பார்த்தவர்கள் ஏராளம். இத்துறைக்கு அவர் செய்த பெரிய பங்களிப்பு இரண்டாவதைச் சொன்னதுதான் என்பது என் மதிப்பீடு.

தொலைக்காட்சி வானிலை அறிவிப்பாளர் அல் ரோக்கர் 2002ல் பைபாஸ் செய்துகொண்டார். சாப்பிடக்கூடாததைச் சாப்பிட்டுவிட்டு வெள்ளை மாளிகைக்குப் போன இடத்தில் வயிறு தன்வசம் இழந்து உடை அசுத்தமானதை 2013ல் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். கேலி வரும் என்று தெரிந்தே சொன்னார், வந்தது. துண்டறிக்கையில் "மலம் இளகலாம்" என்ற இரண்டு சொற்களுக்குள் ஒளிந்திருப்பது என்ன என்பதை அந்த ஒரு பேச்சு புதியவர்களுக்குப் புரியவைத்தது. குறை: சொல்லப் பத்து ஆண்டுக்கு மேலாயிற்று. அதையொட்டி வந்த அவருடைய புத்தகமோ போரில் நிரந்தர வெற்றி என்ற தொனியைத் தலைப்பிலேயே தாங்கியிருந்தது. வாழ்ந்த உண்மைக்கும் விற்க வேண்டிய வடிவத்துக்கும் இடையிலான பிளவு அதில் தெரிகிறது.

எழுத்தின் தரத்தில் இவர்களுக்கு மேலே நிற்பவர் ராக்ஸேன் கே. பருத்த உடலில் வாழ்வதைப் பற்றி ஹங்கர் என்ற நூலை 2017ல் வெளியிட்டவர், அடுத்த ஆண்டு ஜனவரியில் ஸ்லீவ் செய்துகொண்டார். சில மாதங்களில் அதைக் கட்டுரையாக எழுதினார். உடலை ஏற்பதற்காக வாதாடிய ஒருவர் உடலை மாற்றிக்கொள்ளும்போது எழும் முரணை அவர் வெற்றியாகவும் ஆக்கவில்லை, மன்னிப்பாகவும் ஆக்கவில்லை. கொண்டாட்டத் தொனியை மறுத்த இந்த நிதானம் குழுக்களின் பேச்சில் அரிது. ஆனால் அறிவுரையாக வாசித்தால் அது முதல் மாதங்களின் ஆவணம். அதிலிருந்து ஐந்தாம் ஆண்டைக் கற்க முடியாது. கற்க முடியும் என்று அவரும் கோரவில்லை.

சாதனையைப் பொறுத்தவரை, குழுக்களுக்கு வருபவர்கள் வராதவர்களைவிட அதிகம் எடை இழக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆர்வலர்கள் இதை நிறுவப்பட்ட உண்மையாக மேற்கோள் காட்டுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை நோக்காய்வுகள். வருவதால் எடை இறங்குகிறதா, எடை இறங்குவதால் வருகிறார்களா என்பதை அவை பிரித்துக் காட்டுவதில்லை. முன்சொன்ன வெட்கத்தின் போக்கை வைத்துப் பார்த்தால் இரண்டாவதற்கும் கணிசமான இடம் கொடுக்க வேண்டும். என் பார்வையில் எடை என்பதே தவறான தேர்வு. வைட்டமின் மாத்திரையை ஐந்தாம் ஆண்டிலும் விடாமல் போடுகிறாரா, ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்கிறாரா, ஆபத்தான வலியோடு எத்தனை மணி நேரத்தில் மருத்துவமனை போய்ச் சேர்ந்தார் என்பவையே சகாதரவின் பயனைக் காட்டும் அளவைகள்.

சென்னையிலும் கோவையிலும் இந்த அறுவை வழக்கமாகிவிட்ட நிலையில், தமிழில் இந்த அறிவுரை மரபு எப்படி அமைய வேண்டும் என்பது நமக்கு நேரடியான கேள்வி. 2022ல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், ஆசியருக்கு உடல் நிறைக் குறியீடு 27.5லிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்று எல்லையைத் தாழ்த்தியிருக்கிறது. வருவோர் இன்னும் கூடுவார்கள். அமெரிக்கக் குழுக்களின் பட்டியல் இங்கே பொருந்தாது. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது விதி. ஒரு முட்டையில் 6 கிராம். ஓர் இட்லியில் 2 கிராம் அளவே. நான்கு கரண்டிக்கு மேல் இறங்காத வயிற்றில் சாம்பாரைக் கொண்டு 60ஐ எட்ட முடியாது என்பதை, முட்டையும் தொடாத ஒருவருக்கு இன்னொரு சைவ உணவுக்காரர்தான் நடைமுறைக் கணக்கோடு சொல்ல முடியும்: பனீர், கெட்டித்தயிர், சோயா, புரதப் பொடி, பி12 மாத்திரை அல்லது ஊசி. வழுக்கிக்கொண்டு இறங்கி வயிற்றை நிறைக்காமல் கலோரியை மட்டும் சேர்க்கும் உணவுகள் அங்கே ஐஸ்கிரீமும் பிஸ்கட்டும். இங்கே ரசம் சாதம், குழைந்த தயிர்சாதம், மாலையில் ஒரு கை மிக்ஸர். உடம்புக்கு முடியாதவருக்கு ஏற்ற இதமான சாப்பாடு என்று வீடே கருதும் உணவு இவருக்கு எடையைத் திருப்பித் தரும் உணவாக இருப்பதை வெளியிலிருந்து வரும் எந்தப் பட்டியலும் சொல்லாது.

இதைவிடக் கனமான விஷயம் மறைப்பு. இங்கே பலர் அறுவையைச் சொந்தக்காரர்களிடம் சொல்வதில்லை. கேட்டால் டயட், நடைப்பயிற்சி. திருமணத்துக்கு முன் செய்துகொண்ட பெண்ணின் நிலை இன்னும் இக்கட்டானது. எடை இறங்கியதும் மாதவிடாய் சீராகிறது, கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் பலர் இதற்காகவே அறுவைக்கு வருகிறார்கள். ஆனால் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். சத்துக்குறை தாயையும் சேயையும் பாதிக்கும் காலம் அது. பைபாஸ் செய்தவருக்குக் கருத்தடை மாத்திரையின் உறிஞ்சலையும் முழுதாக நம்ப முடியாது. கல்யாணமான மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா" என்று கேட்கும் வீட்டில், ரகசியத்தைச் சுமந்துகொண்டு ஒரு பெண் இந்தப் 18 மாதத்தை எப்படிக் கடத்துவாள்? மருத்துவர் விதியைச் சொல்லி முடித்துவிடுவார். அதைக் கடந்துவந்த ஓர் அக்கா, மாமியாரிடம் எதைச் சொல்லலாம், எதை டாக்டரைக் கொண்டே சொல்ல வைக்கலாம் என்று பிரித்துச் சொல்வாள். இந்த இடத்தில் சக நோயாளியின் சொல் எந்த நிபுணரின் சொல்லுக்கும் மேலானது.

ஆகவே என் தீர்ப்பு ஒருபடித்தானதாக இருக்க முடியாது. அன்றாட நுட்பத்திலும் குடும்பத்துக்குள் வாழும் வழியிலும் சகாதரவு முதல் தரம். உடலின் எச்சரிக்கையைப் படிப்பதில், கண்காணிப்பு இல்லாதவரை, நம்பத் தகாதது. நீண்டகால உண்மையைச் சொல்வதில் இன்றைய வடிவில் தோல்வி. இந்தத் தோல்வி முதலிரண்டின் மதிப்பையும் குறைக்கிறது, ஏனெனில் முதல் ஆண்டில் பெற்ற நம்பிக்கையை வைத்துத்தான் ஐந்தாம் ஆண்டில் ஒருவர் தன்னைத் தானே தண்டிக்கிறார். எடை திரும்பியவருக்கு இன்று எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. அவற்றைப் போட்டுக்கொள்வது தோல்வியா ஏமாற்றா என்று குழுக்களில் நடக்கும் சச்சரவு, நோயை ஒழுக்கமாக அளக்கும் பழைய பிழையின் நீட்சி.

ஒரு குழுவில் சேரலாமா என்று கேட்பவருக்கு நான் சொல்லக்கூடிய சோதனை இதுதான். முதல் கூட்டத்தில் அமர்ந்து, ஐந்து ஆண்டு தாண்டியவர் யாராவது பேசுகிறாரா என்று பாருங்கள். அவர்களில் எடை திரும்பிய ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் பேசி முடித்ததும் அறை அவருக்கு யோசனை சொல்ல முந்துகிறதா, அவரிடம் கேள்வி கேட்கிறதா என்பதையும் கவனியுங்கள். கேள்வி கேட்கிற குழுவில் சேருங்கள். அப்படி ஒன்று தமிழில் கிடைக்காவிட்டால், அதைத் தொடங்க வேண்டியவர்கள் இன்று ஐந்தாம் ஆண்டில் மௌனமாக இருப்பவர்கள்.